பத்திரிகை அடிக்காத கல்யாணம்: குழந்தைத் திருமணம் பற்றி மலையில் ஒரு குறும்படம் எடுப்பது எப்படி

கொடைக்கானல் மேல்மலையில் ஒரு கல்யாணம் என்றால் ஊருக்கே தெரியும். பந்தக்கால் நடுவார்கள், ரேடியோ செட் கட்டுவார்கள், மஞ்சள் தடவிய பத்திரிகை வீடு வீடாகப் போகும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நடக்கும் கல்யாணத்தில் இது எதுவும் இருக்காது. விடியற்காலையில் எங்கோ ஒரு கோயிலில் தாலி கட்டி, வெயில் ஏறுவதற்குள் பிள்ளையை அனுப்பிவிடுவார்கள். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ஒரு பெயருக்கு மட்டும் பதில் வராது.

இதைப் பற்றி நாங்கள் ஆறு பேர் சேர்ந்து, பூம்பாறைப் பக்கம் ஒரு பூண்டு விவசாயியின் வீட்டை வைத்து 14 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தோம். கையில் இருந்தது இரண்டு போன், ஒரு மைக், ஒரு முக்காலி. கதை ஒரு அக்காவுடையது. தங்கைக்கு நடக்கப்போகும் கல்யாணத்தை அவள் நிறுத்துகிறாள். எடுத்தபோது கற்றதையும் தவறியதையும் அடுத்து எடுக்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. இந்த மாதிரிப் படங்களில் அக்கா கத்துவாள், அழுவாள், கடைசியில் போலீஸ் ஜீப் வந்து நிற்கும். பார்ப்பவர்கள் கைதட்டிவிட்டு எழுந்து போவார்கள். நாளைக்குத் தன் வீட்டில் இப்படி நடந்தால் யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்வது, சொன்ன பிறகு அதே வீட்டில் எப்படி இருப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் அக்கா செய்வதை ஒவ்வொரு வேலையாக, நிதானமாகக் காட்டுங்கள். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: முதலில் சட்டத்தைப் படியுங்கள், அப்புறம் கதை

குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டு, 2007 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். குழந்தையை மணக்கும் 18 வயது கடந்த ஆணுக்கும், கல்யாணத்தை நடத்தி வைப்பவருக்கும், துணை போகிறவருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பெற்றோரும் இதில் அடக்கம். ஆனால் கல்யாணத்துக்குச் சம்மதித்தார், தடுக்காமல் இருந்தார் என்பதற்காக ஒரு பெண்ணைச் சிறைக்கு அனுப்ப இந்தச் சட்டத்தில் இடமில்லை. படத்தில் அம்மாவைக் கம்பிக்குப் பின்னால் காட்டிவிடாதீர்கள். அப்படிக் காட்டினால், ‘அம்மா ஜெயிலுக்குப் போய்விடுவாளே’ என்ற பயத்திலேயே நாளைக்கு ஒரு அக்கா போனை எடுக்காமல் இருந்துவிடுவாள்.

நிறையப் படங்களில் வரும் வசனம் ஒன்று உண்டு: “இந்தக் கல்யாணம் செல்லவே செல்லாது!” இது பாதிதான் சரி. குழந்தைத் திருமணம் தானாக ரத்தாகிவிடாது. ரத்து செய்யச் சொல்லிக் கேட்கும் உரிமை குழந்தையாக இருந்து மணமானவருக்கு உண்டு. பெண்ணென்றால் 20 வயது நிறைவதற்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். ஏமாற்றியோ கட்டாயப்படுத்தியோ கூட்டிக்கொண்டு போய்ச் செய்த கல்யாணம், நீதிமன்றம் தடை போட்ட பிறகும் நடந்த கல்யாணம் போன்றவைதான் தொடக்கத்திலிருந்தே செல்லாதவை. அந்தத் தடையுத்தரவை முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் கல்யாணத்துக்கு முன்பே கொடுக்கலாம். உங்கள் கதையில் இதற்கு ஒரு இடம் வையுங்கள், பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் என்பவர் மாவட்டச் சமூகநல அலுவலர்தான். கொடைக்கானல் மலை திண்டுக்கல் மாவட்டத்தில் வருகிறது. பிள்ளையைப் பாதுகாப்பது பற்றி முடிவெடுப்பது குழந்தைகள் நலக் குழு. கூப்பிட வேண்டியது குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல்.

எண்ணிக்கை கேட்பவர்களுக்கு: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18-க்கு முன்பே மணமானவர்கள் இந்திய அளவில் 23.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8. நம் மாநிலத்தில் எட்டில் ஒருத்தி. இதைப் படத்தின் தொடக்கத்தில் எழுத்தாகப் போட வேண்டாம். திரையிட்ட பிறகு பேசும்போது வாயால் சொல்லுங்கள்.

படி 2: அந்த வீடு ஏன் இதைச் செய்கிறது?

பெற்றோரைக் கெட்டவர்களாக எழுதினால் படம் அங்கேயே செத்துவிடும். எந்த அப்பாவும் அந்தப் பாத்திரத்தில் தன்னைப் பார்க்க மாட்டார். நான் கேட்ட வரிகள் இவை: “காலாகாலத்துல கட்டிக் குடுத்துட்டா நம்ம பொறுப்பு முடிஞ்சிரும்.” “வயசுப் பிள்ளைய வீட்ல வச்சுக்கிட்டு காட்டுக்கு எப்படிப் போறது?” “கெழவி கண்ண மூடுறதுக்குள்ள பேத்தி கல்யாணத்தப் பாக்கணுங்கறா.” “அவனும் முறைதான, அந்நியமா என்ன?”

இவற்றின் அடியில் இருப்பது பயம். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்க பஸ் ஏறிப் போக வேண்டிய ஊர்கள் மலையில் உண்டு. மாலை பஸ் வரவில்லை என்றால் பிள்ளை இருட்டில் நிற்பாள். யாரையாவது விரும்பி ஓடிவிட்டால் ஊரில் தலை காட்ட முடியாது என்கிற பயம் இன்னும் பெரியது. இதோடு பணமும் சேர்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. ஆனால் விலை இறங்கிய போகத்தில் கடனை அடைக்க அந்தக் குறியீடு உதவாது. அப்படி ஒரு போகத்தில்தான் “ஒண்ணும் வேண்டாம், பிள்ளைய மட்டும் குடுங்க” என்று ஒரு மாப்பிள்ளை வீடு வந்து உட்காரும். எங்கள் கதையில் அப்பா சரி என்று தலையாட்டும் இடம் அதுதான். அவர் குடிகாரர் இல்லை, அடிப்பவரும் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் வைக்கவும் ஒன்று தேடுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. எங்கள் அக்கா அதைப் பிரசங்கமாகப் பேசவில்லை. அப்பாவின் கணக்கு நோட்டில் கடன் தொகைக்குக் கீழே ‘1000 x 36’ என்று எழுதி, நோட்டை அப்படியே மூடி வைத்துவிட்டுப் போகிறாள்.

விசாரிக்கப் போகும்போது ஒரு எல்லை உண்டு. உண்மையில் பாதிக்கப்பட்ட பிள்ளையைப் போனில் பதிவு செய்யாதீர்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி குற்றம். ஊருக்குள் “இது அந்த வீட்டுக் கதைதானே” என்று விரல் நீட்டும்படி கதை எழுதுவதும் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்தான். இரண்டு மூன்று பேர் சொன்னதைக் கலந்து புதுக் கதையாக்குங்கள். அப்புறம், இதை ஒரு சாதியின் வழக்கம், ஒரு பழங்குடியின் வழக்கம் என்று காட்டவே காட்டாதீர்கள். பளியர் குடியிருப்பைப் பின்னணிக்காக மட்டும் போய்ப் படம் பிடித்துவருவதும் வேண்டாம்.

படி 3: அக்கா யார்?

எங்கள் அக்காவுக்கு 23 வயது. அவளையே 16-இல் கட்டிக்கொடுத்தார்கள். இப்போது புருஷன் வீட்டை விட்டு வந்து, வத்தலக்குண்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள், மாதம் ஒருமுறை பஸ் ஏறி மேலே வருவாள். முதல் எழுத்துப் பிரதியில் தன் கதையைத் தங்கையிடம் அவள் அழுதுகொண்டே சொல்வது போல் ஒரு பக்கம் வைத்திருந்தோம். ஒத்திகையில் அதை வெட்டினோம். பதிலுக்கு வந்தது ஒரு சின்னச் செய்கை: தங்கையின் நோட்டில் இருக்கும் கணக்கை அவள் பார்க்கிறாள், கை பென்சிலை எடுக்கிறது, போட முயல்கிறது, பாதியில் நிற்கிறது. பத்தாவதோடு நின்ற படிப்பு அந்த இடத்தில் தெரிந்துவிட்டது.

கல்யாணம் நடக்கப்போகிறது என்று யாரும் அவளிடம் சொல்வதில்லை. அவளே கண்டுபிடிக்க வேண்டும். மாத நடுவில் அடுப்படியில் ஒரு அரிசி மூட்டை அதிகமாக இருக்கிறது. அப்பளக் கட்டு இருக்கிறது. தங்கை காலில் புதுக் கொலுசு. “யாரு பாப்பா வாங்கிக் குடுத்தா?” என்று கேட்டால், பாப்பா சந்தோஷமாக “அத்தை” என்கிறாள். அந்தச் சந்தோஷத்தை மறைக்காதீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் புதுக் கொலுசு பிடிக்கும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

அம்மாவிடம் கேட்கும் காட்சியை எங்கே வைப்பது என்று நிறைய யோசித்தோம். கடைசியில் பூண்டுத் தாள் அரியும் இடத்தில் வைத்தோம். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, தாளை அரிந்து அரிந்து பெரிசு சிறிசு பிரித்துப் போட்டுக்கொண்டே பேசுகிறார்கள். அம்மா ஒரு முறைகூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. அக்கா கேள்வி கேட்கக் கேட்க அம்மாவின் கை வேகமாகிறது, பெரிய பூண்டைச் சின்னக் குவியலில் போடுகிறாள். நடித்தவர் நிஜமாகவே பூண்டுக் காட்டில் வேலை செய்கிற பெண். அந்தத் தவறுதல் நாங்கள் சொல்லிக்கொடுத்தது இல்லை.

படி 4: போன் காட்சியை எழுதுவது

இந்தப் படத்தின் உயிர் இந்தக் காட்சியில் இருக்கிறது, எனவே இதற்கு அதிக நேரம் கொடுங்கள். மலையில் எல்லா வீட்டிலும் சிக்னல் கிடைக்காது. எங்கள் அக்கா படிக்கட்டு வயலில் மூன்று படி ஏறி, ஒரு பாறை மேல் நின்றால்தான் போன் எடுக்கும். இருட்டு, பனி. கீழே வீட்டின் ஒற்றை விளக்கு.

அக்கா: அலோ... பத்து ஒம்பது எட்டுங்களா?

குரல்: ஆமா, சொல்லுங்கம்மா.

அக்கா: ஒரு பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணப் போறாங்க. வயசு பதினஞ்சு.

குரல்: என்னைக்கும்மா?

அக்கா: வர்ற வெள்ளிக்கிழம. விடியக்காலம்.

குரல்: எந்த ஊரு? பிள்ளை எந்த ஸ்கூல்ல படிக்குது?

(சொல்கிறாள். காற்றில் பாதி கேட்கவில்லை.)

குரல்: நீங்க அந்தப் பிள்ளைக்கு என்ன வேணும்?

(கீழே விளக்கு அணைகிறது.)

அக்கா: பக்கத்து வீடு.

கூப்பிடுகிறவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. யார் சொன்னது என்பதை வெளியே விட மாட்டார்கள். இதை வசனமாக வைக்காமல், அந்த ‘பக்கத்து வீடு’ என்ற பொய்யில் பார்ப்பவருக்குப் புரிய வைத்தோம். ஊர், நாள், வயது, பள்ளி என்று அவர்கள் கேட்கும் விவரங்கள் காட்சியில் ஒவ்வொன்றாக வரட்டும். பார்க்கும் பெண்களுக்கு அது ஒத்திகை மாதிரி.

அடுத்தது வயதுச் சான்று. ஆட்கள் வரும்போது “பிள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு” என்று வீட்டில் சொல்வார்கள். அப்போது கேட்கப்படுவது பள்ளிச் சான்று அல்லது பிறப்புச் சான்று. எங்கள் படத்தில் அப்பா பிறப்புச் சான்றை எடுத்து ஒளித்துவிடுகிறார். அக்கா பள்ளிக்கு நடந்து போய் டீச்சரிடம் பதிவேட்டைப் பார்க்கச் சொல்கிறாள். சண்டை ஏதும் இல்லாத காட்சி, ஆனாலும் திரையிட்டபோது ஒருவரும் அசையாமல் பார்த்தது இதைத்தான்.

அதிகாரிகள் வருவதைச் சுருக்கமாக முடியுங்கள். பெற்றோரிடம் அறிவுரை சொல்லி, 18 முடியும் வரை கல்யாணம் செய்ய மாட்டோம் என்று எழுதி வாங்குவார்கள், தேவைப்பட்டால் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு முன் கூட்டிப் போவார்கள். ஆபத்து அதோடு தீர்ந்துவிடுவதில்லை. ஒரு மாதம் கழித்து வேறு ஊர்ச் சொந்தக்காரர் வீட்டில் வைத்து ரகசியமாகக் கட்டி வைப்பதும் நடக்கிறது. அதனால் எங்கள் அக்கா வேலைக்குத் திரும்பவில்லை. அம்மா அவளுக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு, பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அப்பா திண்ணையை விட்டு உள்ளே வருவதில்லை. கோபத்தில் தங்கையும் கொலுசைக் கழற்றி அக்காவின் தலையணை மேல் வீசுகிறாள். திங்கட்கிழமை காலை பனியில் தங்கை பஸ்ஸுக்கு நிற்கிறாள், பத்தடி தள்ளி அக்கா நிற்கிறாள், பேச்சில்லை. பஸ் வருகிறது. படம் அங்கே முடிகிறது.

படி 5: நடிக்க வைப்பது

தங்கை வேடத்துக்கு 18 நிறைந்த, சின்ன முகமுள்ள பெண்ணைத் தேடுங்கள். ரெட்டைச் சடையும் யூனிபார்மும் மூன்று வயதைக் குறைத்துவிடும். 14-க்கு உட்பட்ட குழந்தை வேறு வேடத்தில் நடிப்பதானால் விதிகள் உண்டு: மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி, ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் 20 சதவீதம் குழந்தை பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். பள்ளியை நிறுத்தி வரச் சொல்லாதீர்கள். பெண்ணின் படிப்பைப் பற்றி எடுக்கும் படத்தில் அது பெரிய தவறு.

இனி எங்களால் நடந்த ஒன்று. முகூர்த்தப் புடவையில் தங்கையாக நடித்த பெண்ணை எங்களில் ஒருவர் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டார். அன்று இரவே அது வெளியே போய்விட்டது. மறுநாள் அவள் அப்பாவிடம் கடைத்தெருவில் “யாருக்கும் சொல்லாம மகள் கல்யாணத்த முடிச்சிட்டீங்களே” என்று கேட்டிருக்கிறார்கள். அந்த மனிதர் முகத்தில் எப்படி விழிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. அவள் 19 வயதுக்காரி, அதனால் ஒரு வழியாகச் சமாளித்தாள். நிஜமாகவே பதினைந்து என்றால்? அன்றிலிருந்து எங்கள் விதி இது: மணக்கோலக் காட்சியில் கேமராவாக இருக்கும் போனைத் தவிர வேறு போன் எதுவும் அறைக்குள் வரக்கூடாது. முடிந்தால் தாலி கட்டும் காட்சியையே எடுக்காதீர்கள். மடித்து வைத்த புடவையும் ஒரு மஞ்சள் கயிறும் போதும்.

படி 6: இடமும் அனுமதியும்

வீட்டுக்காரரிடம் கதையை முழுதாகச் சொல்லிவிட்டு வீட்டைக் கேளுங்கள். ஊர்ப் பெரியவர்களிடமும் ஊராட்சித் தலைவரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். கோயிலுக்குள் எடுக்க நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். கொடைக்கானலைச் சுற்றியுள்ள காட்டின் பெரும்பகுதி 2013-இல் வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, எனவே மரங்களுக்கு நடுவே ஒரு ஷாட் வேண்டுமென்றாலும் வனத்துறையிடம் கேட்க வேண்டும். ட்ரோன் பறக்கவிடும் ஆசையை விட்டுவிடுங்கள். வெளியூரிலிருந்து வண்டியில் வரும் நண்பர்களுக்கு இ-பாஸ் தேவை, 2024 மே 7 முதல் அந்த நடைமுறை இருக்கிறது. மே மாதச் சீசனில் எடுக்க வேண்டாம், ஒரு டயலாக் முடிவதற்குள் மூன்று ஹாரன் கேட்கும். அக்டோபர், நவம்பர் மழையும் வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள்.

படி 7: படப்பிடிப்பு

பதினான்கு நிமிடத்துக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். மலையில் மதியத்துக்கு மேல் பனி இறங்கினால் எதிர்வீடு தெரியாது. காலையில் வெயிலில் எடுத்த காட்சியின் மறுபாதி பனியில் வந்து நிற்கும். வெளிப்புறக் காட்சிகளைக் காலையில் முடித்துவிட்டு, பனி வந்ததும் உள்ளே போங்கள். பனியிலேயே எடுக்க வேண்டியவற்றைத் தனிப் பட்டியலாகக் கையில் வைத்திருங்கள். எங்கள் பஸ் நிறுத்தக் காட்சி அப்படித்தான் எதிர்பாராமல் இரண்டாம் நாளே கிடைத்தது.

போனில் எடுப்பதானால் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று பூட்டிக்கொள்ளுங்கள். நம் ஊர் மின்சாரத்துக்கு அப்போதுதான் டியூப்லைட் மினுங்காது. வெளிச்சத்தையும் ஃபோகஸையும் தானியங்கியில் விடாதீர்கள், அடுப்படியில் ஒருவர் குறுக்கே போனாலே படம் இருண்டு வெளுக்கும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், பவர் பேங்கைச் சட்டைக்குள் வையுங்கள். வெளியிலிருந்து அடுப்படிச் சூட்டுக்குள் நுழைந்ததும் லென்ஸில் ஆவி படியும், கால்மணி நேரம் காத்திருந்துவிட்டு எடுங்கள்.

சத்தம்தான் அமெச்சூர் படங்களைக் கெடுப்பது. தகரக் கூரையில் தூறல் விழுந்தால் ஒரு வசனமும் தேறாது, நிறுத்திவிடுங்கள். சட்டைக் காலர் மைக்கைச் சால்வைக்குள் ஒளிக்கும்போது துணி உரசுகிறதா என்று ஹெட்போனில் கேளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் பேசாமல் நின்று ஒரு நிமிடம் வெறும் சத்தத்தைப் பதியுங்கள். காற்று, தூரத்துக் கோழி, அடுப்பு வெடிப்பு எல்லாம் எடிட்டிங்கில் கைகொடுக்கும். வீட்டில் கொடை பண்பலை ஓடிக்கொண்டிருந்தால் இயல்பாகத்தான் இருக்கும், ஆனால் அதில் வரும் சினிமாப் பாட்டுக்கு உரிமை உங்களிடம் இல்லை. எடுக்கும்போது அணைத்துவிடுங்கள்.

படி 8: எடிட்டிங்

அக்கா அழும் ஷாட்டுகளில் பாதியை எடுத்துவிடுங்கள். சோக வயலின் வேண்டாம். கடைசியில் கறுப்புத் திரையில் 1098 என்ற எண்ணை மட்டும் பத்து விநாடி நிறுத்துங்கள், நன்றி அறிவிப்பெல்லாம் அதற்கு அப்புறம்.

படி 9: திரையிடுவது

யூடியூபில் போடுவதற்கு முன் ஊரில் போடுங்கள். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம், பள்ளி, கிராம சபை கூடும் நாள் எல்லாம் நல்ல வாய்ப்பு. அப்பாக்கள் வரும் நேரமாகப் பார்த்து வையுங்கள், பெண்களை மட்டும் உட்கார வைத்துக் காட்டிப் பயனில்லை. முதல் காட்சியை நடித்தவர்களின் குடும்பத்துக்குக் காட்டி, அவர்கள் ஆட்சேபிக்கும் ஷாட் இருந்தால் எடுத்துவிடுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தகவல் சொன்னால் ஒருவர் வந்து பேசுவார்.

எங்கள் இரண்டாவது திரையிடல் முடிந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். ஒரு பிள்ளை மட்டும் கேட்காமலேயே பாய் மடிக்க வந்தாள். ரொம்ப நேரம் மடித்தாள். எங்கள் குழுவில் மூத்த பெண் ஒருத்தி பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள், கேள்வி எதுவும் கேட்கவில்லை. நாலாவது பாயில் அந்தப் பிள்ளை தானாகப் பேசினாள். திரையிடும் இடத்தில் இப்படி ஒருத்தியாவது உங்களோடு கட்டாயம் இருக்க வேண்டும். பிள்ளை சொல்வதைப் பதிவு செய்யாதீர்கள். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. யாரிடம் சொல்லப் போகிறோம், அவர்கள் என்ன செய்வார்கள் என்று அவளுக்குப் புரியும்படி சொல்லுங்கள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே 1098-ஐ அழுத்துங்கள்.